‘எல்லாத்தையும் காப்பி போட்டாச்சு’: முழு பேக்கப் என்பது உண்மையில் என்ன?

“கம்ப்யூட்டரை முழுசா பேக்கப் எடுத்து வெச்சிருக்கேன்” என்று யாராவது சொன்னால், “எப்படி எடுத்தீங்க?” என்று கேட்டுவிடுவேன். ஒருவர், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, சி டிரைவில் இருந்த எல்லாவற்றையும் செலக்ட் செய்து இழுத்துப் போட்டதாகச் சொல்வார். இன்னொருவர், போட்டோவெல்லாம் தானாகவே கிளவுடுக்குப் போய்விடுகிறது என்பார். மூன்றாமவர் ஏதோ ஒரு மென்பொருளை ஓட்டி ‘இமேஜ்’ எடுத்திருப்பார். மூவரும் சொல்வது ஒரே சொல். செய்த வேலையோ மூன்று விதம். மூன்றில் ஒன்றுதான் முழு பேக்கப்.

நானும் ஒரு காலத்தில் முதல் ஆள்தான். ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக்கென்று சத்தம் வர ஆரம்பித்ததும் பதறிப்போய், ராத்திரி முழுக்க விழித்திருந்து சி டிரைவை அப்படியே வெளி டிஸ்க்குக்கு காப்பி போட்டேன். நடுவில் ‘இந்த ஃபைல் பயன்பாட்டில் உள்ளது’ என்று பத்து இருபது முறை கேட்டது. எல்லாவற்றுக்கும் ‘ஸ்கிப்’ கொடுத்தேன். புது டிஸ்க்கை மாட்டி, எல்லாவற்றையும் அதில் போட்டு, ஆன் செய்தால் கறுப்புத் திரை. இடது மூலையில், துவங்குவதற்கு எந்த டிஸ்க்கும் கிடைக்கவில்லை என்று ஒற்றை வரி. சரி, போகட்டும் என்று விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது: மெயில் மென்பொருள் தன் கடிதங்களையெல்லாம் வைத்திருந்த ஃபைலும் நான் ஸ்கிப் கொடுத்தவற்றில் ஒன்று. மெயில் அப்போது பின்னால் திறந்தே கிடந்திருக்கிறது.

காப்பி போடுவதற்கும் பேக்கப்புக்கும் நடுவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம்.

நூலகத்தைச் சாக்கில் கட்டினால்

உங்கள் ஹார்டு டிஸ்க்கை ஒரு நூலகமாக நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகங்கள் உங்கள் ஃபைல்கள். புத்தகங்கள் மட்டும் இருந்தால் அது நூலகம் ஆகிவிடுமா? எந்த அலமாரியில் எந்தப் புத்தகம் என்று சொல்லும் பட்டியல் வேண்டும். அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் வேண்டும். காலையில் வந்து பூட்டைத் திறந்து விளக்கைப் போட ஓர் ஆள் வேண்டும்.

டிஸ்க்கிலும் இந்த மூன்றும் உண்டு. அறைகளுக்குப் பெயர் பார்ட்டிஷன். ஒரே டிஸ்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைப்பது அது. பட்டியலுக்குப் பெயர் ஃபைல் சிஸ்டம். எந்த ஃபைல் டிஸ்க்கின் எந்தெந்தக் கட்டங்களில் சிதறிக் கிடக்கிறது, யாருக்கு அதைத் திறக்க அனுமதி உண்டு என்பதெல்லாம் இதில்தான் இருக்கும். பூட்டைத் திறக்கும் ஆள் பூட் லோடர். பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸையோ லினக்ஸையோ தட்டி எழுப்பும் குட்டி நிரல் அது.

இந்தப் பூட் லோடர் சி டிரைவில் உட்கார்ந்திருப்பதில்லை. இன்றைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அதற்கென்று தனியாக ஒரு சின்ன பார்ட்டிஷன் உண்டு. பல கணினிகளில் 100 எம்பி அளவுதான் இருக்கும். அதற்கு சி, டி மாதிரி எழுத்து கொடுப்பதில்லை என்பதால் ‘திஸ் பிசி’ பக்கத்தில் கண்ணில் படாது. கண்ணில் படாததை எப்படி இழுத்துப் போட முடியும்? புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, சாவி வைத்திருப்பவரை அங்கேயே விட்டுவிட்டு வந்த கதைதான் என்னுடையது.

நிறுவிய மென்பொருள்களும் அப்படித்தான். ஒரு மென்பொருள் ஒரே ஃபோல்டருக்குள் அடங்கி இருப்பதில்லை. கொஞ்சம் ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில், கொஞ்சம் மறைத்து வைத்த ‘ஆப் டேட்டா’வில், மீதி ரெஜிஸ்ட்ரியில். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் குறித்து வைக்கும் பெரிய பேரேடு. ஃபோல்டரை மட்டும் தூக்கி வந்தால் பல மென்பொருள்கள் திறக்கக்கூட மாட்டா.

ஆக, இதுவரை: எதையும் ஸ்கிப் செய்யாமல் ஃபைல்களைக் காப்பி போட்டால் உங்கள் போட்டோவும் கடிதமும் தப்பிக்கும். கம்ப்யூட்டர் தப்பிக்காது. போட்டோக்கள் மட்டும் பத்திரமாக இருந்தால் போதும் என்றால் அது தாராளமாகப் போதும், அதில் தப்பே இல்லை. அதை ‘முழு’ என்று நம்புவதில்தான் சிக்கல்.

இமேஜ் என்றால் படம் இல்லை

முழு பேக்கப்பில் மென்பொருள் ஒவ்வொரு ஃபைலாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. டிஸ்க்கை அது சம அளவுள்ள சின்னச் சின்னக் கட்டங்களாகப் பார்க்கிறது. இந்தக் கட்டத்தில் இருப்பது அம்மாவின் போட்டோவா, விண்டோஸின் எலும்பா என்று அதற்குக் கவலையில்லை. எது எங்கே இருந்ததோ அது அங்கேயே போகும்படி, பார்ட்டிஷன், பட்டியல், பூட் லோடர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய ஃபைலாகவோ சில ஃபைல்களாகவோ கட்டி வெளி டிஸ்க்கில் வைக்கிறது. இந்தக் கட்டுக்குப் பெயர்தான் இமேஜ். பெயரைக் கேட்டு இதைப் புகைப்படம் என்று நினைத்து, அதன் மேல் டபுள் கிளிக் செய்து பார்த்தவர்கள் உண்டு.

ஐநூறு ஜிபி டிஸ்க் என்றால் இமேஜும் ஐநூறு ஜிபி ஆகுமா? ஆகாது. நல்ல மென்பொருள்கள் ஃபைல் சிஸ்டத்தின் பட்டியலைப் படித்து, பயன்பாட்டில் உள்ள கட்டங்களை மட்டும் எடுக்கும். காலி அலமாரியைப் படியெடுத்து என்ன பயன்? எடுத்ததைச் சுருக்கியும் வைக்கும். ஆனால் போட்டோ, வீடியோ எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவை மேற்கொண்டு பெரிதாகச் சுருங்காது. டிஸ்க் நிறைய கல்யாண வீடியோ என்றால், பயன்படுத்திய அளவுக்கு ஏறக்குறைய சமமான இடத்தை ஒதுக்கி வையுங்கள்.

க்ளோன் என்பது இதற்குச் சித்தப்பா மகன். இமேஜில் டிஸ்க்கின் நகல் ஒரு ஃபைலுக்குள் அடைந்து கிடக்கும்; க்ளோனில் இன்னொரு டிஸ்க்கே அசல் டிஸ்க்காக மாறிவிடும். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால் அப்படியே ஓடும். டிஸ்க் மாற்றுகிற அன்றைக்கு இதைவிட வசதி வேறில்லை. பேக்கப்புக்கு எனக்கு இமேஜ்தான் பிடிக்கும். ஒரே வெளி டிஸ்க்கில் ஜனவரி இமேஜ், மார்ச் இமேஜ் என்று அடுக்கி வைக்கலாம். க்ளோன் ஒரு டிஸ்க் முழுவதையும் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு நாளைத்தான் காட்டும்.

எழுதிக்கொண்டிருக்கும் பேரேட்டைப் படியெடுப்பது

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வர வேண்டும். இமேஜ் எடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரமும் விண்டோஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஃபைல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அப்படியானால் முதல் பாதி பத்து மணி நிலவரம், பின் பாதி பதினொரு மணி நிலவரம் என்று ஒட்டுப்போட்ட நகலல்லவா கிடைக்கும்?

வெறுமனே காப்பி போட்டால் அப்படித்தான் ஆகும். கடைக் கணக்குப் பேரேடு ஒன்றை நீங்கள் பக்கம் பக்கமாகப் படியெடுக்கும்போதே கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். ஐந்தாம் பக்கத்தைப் படியெடுத்து முடித்த பிறகு அதில் ஒரு பற்று எழுதுகிறார். அதற்குரிய வரவு தொண்ணூறாம் பக்கத்தில். உங்கள் படியில் வரவு இருக்கும், பற்று இருக்காது. கணக்கு இடிக்கும்.

தீர்வு இதுதான்: கணக்குப்பிள்ளையிடம், “இனி எந்தப் பக்கத்தில் கை வைப்பதானாலும், அந்தப் பக்கத்தின் பழைய நிலையை ஒரு படி எடுத்து எனக்கென்று ஓரமாக வைத்துவிட்டு, அப்புறம் எழுதுங்கள்” என்று சொல்லிவிடுவது. அவர் வேலை நிற்காது. அவர் தொடாத பக்கங்களைப் பேரேட்டிலிருந்தும், தொட்ட பக்கங்களை ஓரமாக வைத்த படியிலிருந்தும் எடுத்துக்கொண்டால், சொல்லி வைத்த அந்த நொடியில் பேரேடு எப்படி இருந்ததோ அப்படியே கிடைத்துவிடும்.

இப்படி ஒரு நொடியை உறைய வைப்பதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். விண்டோஸில் இந்த வேலையைச் செய்யும் சேவை வால்யூம் ஷேடோ காப்பி. நான் ஸ்கிப் கொடுத்த அந்தப் ‘பயன்பாட்டில் உள்ள’ ஃபைல்களையும் இமேஜ் மென்பொருள் எடுக்க முடிவது இதனால்தான்.

குளோன்ஜில்லா மாதிரியான இலவசக் கருவிகள் வேறு வழியில் போகின்றன. கம்ப்யூட்டரைப் பென் டிரைவிலிருந்து துவக்கி, உள்ளே இருக்கும் விண்டோஸைத் தூங்க விட்டுவிட்டு இமேஜ் எடுக்கின்றன. கணக்குப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் படியெடுக்கிற மாதிரி. சுத்தமான வேலை, ஆனால் அதுவரை நீங்கள் கம்ப்யூட்டரைத் தொட முடியாது.

அடுத்த வாரமும் முழுசாவா?

முதல் இமேஜ் 300 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 300 ஜிபி எழுதினால் வெளி டிஸ்க் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் முதலில் ஒரு முழு பேக்கப், அதன்பின் மாறியதை மட்டும் எடுப்பது வழக்கம்.

ஞாயிறு முழு பேக்கப். திங்கள் 4 ஜிபி மாறுகிறது, செவ்வாய் 3 ஜிபி, புதன் 2 ஜிபி. நேற்றிலிருந்து மாறியதை மட்டும் எடுத்தால் அது இன்கிரிமென்டல்: 4, 3, 2 என்று குட்டிக் குட்டியாக இருக்கும். ஆனால் புதன் நிலைக்குத் திரும்ப ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கும் வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளது கிடைக்காது. ஞாயிறிலிருந்து மாறியதையெல்லாம் ஒவ்வொரு நாளும் எடுத்தால் அது டிஃபரென்ஷியல்: 4, 7, 9 என்று பெருத்துக்கொண்டே போகும். திரும்பி வர ஞாயிறும் புதனும் மட்டும் போதும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எது என்று மண்டையைக் குடைய வேண்டாம். மென்பொருள் எதைக் கொடுக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஒரு முழு இமேஜ் எடுத்துவிடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதிக் கவலை இல்லை. 2007-இல் வந்த டைம் மெஷின் என்ற மேக்கின் பேக்கப் மென்பொருள், கடந்த ஒரு நாளுக்கு மணிக்கொரு தடவை, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொரு தடவை, அதற்கு முந்தையதற்கு வாரத்துக்கொரு தடவை என்று தானே வைத்துக்கொண்டு, இடம் தீர்ந்தால் பழையதைத் தானே கழிக்கும். ஒரே வித்தியாசம்: இன்றைய மேக்குகளில் இயங்குதளத்தைத் தனியாகப் புதிதாக நிறுவிவிட்டு, அதன்மேல் டைம் மெஷினிலிருந்து உங்கள் மென்பொருளையும் ஃபைல்களையும் கொண்டு வருவீர்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். ஒரு நொடியை உறைய வைத்து, டிஸ்க்கின் கட்டங்களை அப்படியே கட்டி எடுப்பது இமேஜ். அதன்பின் மாறியதை மட்டும் எடுப்பது இன்கிரிமென்டலும் டிஃபரென்ஷியலும். மொத்தத்தில் நீங்கள் சேர்த்து வைப்பது நாட்களை. வேண்டிய நாளுக்குத் திரும்பிப் போகும் வழியை.

பேக்கப் மாதிரியே இருக்கும் வேறு சில

அந்தக் கண்ணோடு பார்த்தால் கிளவுட் சிங்க் ஏன் பேக்கப் ஆகாது என்று புரியும். சிங்க் என்றால் இரண்டு இடங்களை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால், அது விசுவாசமாக அங்கேயும் அழிக்கும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கும் என்பது உண்மை. கவனிக்காமல் விட்டால் அதுவும் போய்விடும். விண்டோஸ் 11-இல் ‘விண்டோஸ் பேக்கப்’ என்றே ஒரு செயலி இருக்கிறதே என்பீர்கள். அது சில ஃபோல்டர்களையும் அமைப்புகளையும் மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவுக்கு அனுப்பும்; இமேஜ் எடுக்காது. பெயர் வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அதே டிஸ்க்கில் இன்னொரு பார்ட்டிஷனில் வைக்கும் நகலும் சேர்த்தியில்லை. டி டிரைவ் தனி டிஸ்க் என்று பலர் நினைக்கிறார்கள். பல லேப்டாப்புகளில் சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். கூரை விழுந்தால் இரண்டும் போகும்.

எப்போதும் செருகியே கிடக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் அரைப் பாதுகாப்புதான். ரான்சம்வேர் என்பது உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் தீய மென்பொருள். 2017 மே மாதம் பரவிய வன்னாக்ரை சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கியது. உள் டிஸ்க்கைப் பூட்டியதோடு நிற்காமல், செருகியிருந்த டிரைவ்களையும் பூட்டியது. மேலே சொன்ன ஷேடோ காப்பிகளைத் தேடி அழித்தது. பேக்கப் முடிந்ததும் ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்துக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிள் வழியாகத்தானே எதுவும் வர முடியும்?

இதைத்தான் 3-2-1 என்று சுருக்கிச் சொல்வார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி: மூன்று பிரதிகள் (அசலையும் சேர்த்து), இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. எல்லா ஃபைல்களுக்கும் இதைச் செய்ய எல்லோராலும் முடியாது. ஒரு வெளி டிஸ்க்கும், முக்கியமான ஃபைல்களுக்கு மட்டும் ஒரு கிளவுடும் இருந்தாலே அந்த ஃபைல்களுக்காவது மூன்றும் நிறைவேறிவிடும். சிங்க்கைப் பேக்கப் இல்லை என்றுவிட்டு இங்கே கிளவுடைச் சேர்க்கிறேனே என்று கேட்கலாம். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் கிளவுடைச் சொல்கிறேன்.

எடுக்க உட்காரும்போது

டிஸ்க் வாங்கும்போது, உங்கள் கம்ப்யூட்டரில் நிரம்பியிருக்கும் அளவைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். 1 டிபி டிஸ்க்கைச் செருகினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது.

டிஸ்க் எந்த ஃபார்மேட்டில், அதாவது எந்த வகை ஃபைல் சிஸ்டத்தில், இருக்கிறது என்றும் பாருங்கள். எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைலை அது ஏற்காது. இமேஜ் பாதியில் நிற்கலாம். விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் போர்ட்டைப் பொறுத்தது. பழைய யுஎஸ்பி 2.0-வில் நடைமுறையில் வினாடிக்கு 35 எம்பி போனால் அதிகம். அந்த வேகத்தில் 300 ஜிபிக்கு இரண்டரை மணி நேரம் போல ஆகும். யுஎஸ்பி 3.0 போர்ட்டில், சாதாரண போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் 100 எம்பி வேகம் கொடுத்தால் 50 நிமிடம். உள்ளே நீல நாக்கு உள்ள போர்ட் பெரும்பாலும் 3.0. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, ஸ்லீப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

கருவி? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கன்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரெஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்ற பழைய வழி இன்னும் இருக்கிறது, இமேஜும் எடுக்கும். ஆனால் 2017-லேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப்போகும் பட்டியலில் போட்டுவிட்டது. அதை நம்பி இருப்பதைவிட, தொடர்ந்து பராமரிக்கப்படும் ஒரு தனி மென்பொருளே மேல். குளோன்ஜில்லாவின் திரை பார்க்கப் பயமுறுத்தும். அதே வேலையை மௌஸால் செய்ய ரெஸ்க்யூஜில்லா இருக்கிறது.

டிஸ்க், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டதா என்று மறக்காமல் பாருங்கள். புது லேப்டாப்புகளில் உங்களுக்குத் தெரியாமலே அது இயங்கிக்கொண்டிருக்கலாம். பேக்கப்பிலிருந்து பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு கம்ப்யூட்டர் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்க வாய்ப்புண்டு. அந்த எண்ணை அதே கம்ப்யூட்டருக்குள் ஒரு நோட்பேடு ஃபைலில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். காகிதத்தில் எழுதி வையுங்கள்.

வழி திறக்கிறதா என்று பார்ப்பது

ரெஸ்டோர் என்பது பேக்கப்பிலிருந்து பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவருவது. பலர் அதை டிஸ்க் செத்த அன்றைக்குத்தான் முதல்முறையாகச் செய்கிறார்கள். பெரிய இடங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று, நிரல் எழுதுவோர் தங்கள் நிரல்களை இணையத்தில் சேமித்து வைக்க உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்கென்று ஐந்து ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். வேறு காரணத்துக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது.

வீட்டில் இதற்காக ஓடும் டிஸ்க்கின்மேல் ரெஸ்டோர் செய்து பார்க்கச் சொல்லவில்லை. அது அதன்மேல் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் எழுதும். முதலில், மென்பொருளில் ‘வெரிஃபை’ இருந்தால் ஓட்டுங்கள்; எழுதியது பழுதில்லாமல் இருக்கிறதா என்று அது சரிபார்க்கும். அடுத்து, பல மென்பொருள்கள் இமேஜை ஒரு டிரைவ் மாதிரி திறந்து காட்டும். அதற்கு மவுன்ட் என்று பெயர். திறந்து, உள்ளே போய், போன வருடத்து போட்டோ ஒன்றையும் ஒரு வீடியோவையும் வெளியே இழுத்து, ஓடுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ரெஸ்க்யூ பென் டிரைவ். விண்டோஸே எழாத நிலையில் இமேஜைத் திறக்கும் மென்பொருளை எங்கிருந்து ஓட்டுவீர்கள்? அதற்காகத்தான் இந்தப் பென் டிரைவ். பேக்கப் மென்பொருளிலேயே இதைத் தயாரிக்கும் பட்டன் இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதைத் தயாரித்து, ஒருமுறை அதிலிருந்து துவக்கிப் பாருங்கள். மௌஸ் நகர்கிறதா, வெளி டிஸ்க் பட்டியலில் தெரிகிறதா, உங்கள் இமேஜ் அதன் தேதியோடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, ‘ரெஸ்டோர்’ பட்டன் வரை போய், அங்கே கேன்சல் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.